நாற்றுக்கு வெளிக்காற்று

என் அண்ணி அழவில்லை. என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணன் செத்தது குளிர்காலத்தின் நட்ட நடுவில். வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேன் ஓட்டுகிறவன் அவன். சவாரி இல்லாத மாதங்களிலும் காலையில் ஒருதரம் எஞ்சினை ஓடவிட்டு வைப்பான், இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும் என்று. அன்றைக்கும் அதைத்தான் செய்தான். வெகுநேரமாகியும் மேலே வரவில்லையே என்று அண்ணி இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நின்றுபோயிருந்தான். அண்ணி கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். கதவைச் சாத்திவிட்டு நடந்து என் தையல் கடைக்கு வந்தாள். நான் யாருடைய பேண்டுக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மிளகாய், உங்க அண்ணன் போயிட்டாரு," என்றாள்.

"எங்க போனான், இந்தக் குளிர்ல?" என்றேன் நான்.

மிளகாய் என்பது நான்தான். பேர் வைத்தவன் அண்ணன். சின்ன வயதில் வைத்தது, ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் என் வாயைக் கேட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள், அதனால் எனக்கென்று இருந்த சொந்தம் அவன் ஒருவன்தான். அவனுக்கு ஊரார் வைத்த பேர் 'சரித்திரம்'. "சரித்திரம் வண்டி கிளம்பிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அன்றைக்கு நான் தெருவையே கூட்டி அழுதேன். எதிர்க்கடை பேக்கரிக்காரர் கையில் மாவோடு ஓடிவந்தார். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டாள். மாடிவீட்டுக்காரி அவளைக் கட்டிப்பிடித்து விம்மியபோது, அந்தம்மாள் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "உங்க ரோஜாவை இப்பவே வெட்டிடாதீங்க, குளிர் போகட்டும்," என்றாள். மாடிவீட்டுக்காரிக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் பார்த்தால் அண்ணி வீட்டில் இல்லை. பூங்காவின் கண்ணாடிக் கொட்டகையில் உட்கார்ந்து நாற்றுத் தட்டுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கல்லுளிமங்கி," என்றேன் பேக்கரிக்காரரிடம். "என் அண்ணன் இவளுக்கு என்ன குறை வச்சான்?"

"விடும்மா, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி," என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார், ரொட்டி கருகினாலும்.

அவர்கள் சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கோபம் புரியும். அண்ணிக்கு நகராட்சிப் பூங்காவில் தோட்ட வேலை. பழைய கோட்டைச் சுவர் இடிந்த இடத்தில்தான் அந்தப் பூங்கா. மண்வெட்டி போட்ட இடமெல்லாம் செங்கல் துண்டு வரும். அண்ணனுக்கு அப்போது வரலாற்றுப் பைத்தியம் பிடித்த புதிது. பாத்தி ஓரமாக வந்து நின்றுகொண்டு, "ஏதாவது கெடச்சுதா?" என்பான். "மண்ணு," என்பாள். மறுநாள் வந்து, "இன்னிக்கு?" என்பான். "இன்னிக்கும் மண்ணுதான்." இப்படியே ஒரு கோடை முழுக்க ஓடியது. கடைசியில் ஒருநாள், ஈரச் செங்கலை நாய் மிதித்து, அந்தத் தடத்தோடு சுட்டுவிட்ட ஒரு கல் கிடைத்தது. அதைக் கழுவித் துடைத்து அவனிடம் நீட்டி, "இந்தாங்க, உங்களை மாதிரியே ஒருத்தன், வேண்டாத எடத்துல கால் வச்சிருக்கான்," என்றாளாம். அண்ணன் அன்றைக்கே என்னிடம் வந்து, இவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்றான்.

அந்தக் கல் அவர்கள் வீட்டு ஜன்னல் திட்டில் இருக்கிறது. வேனில் ஏறுகிறவர்கள் எல்லாருக்கும் அதைப் பற்றிச் சொல்வான். "கோட்டை கட்டின ராஜா பேரு யாருக்கும் தெரியாது. மிதிச்ச நாய் இன்னிக்கும் எங்க வீட்ல பத்திரமா இருக்கு." எல்லாரும் சிரிப்பார்கள். சவாரி முடிந்து இறங்கும்போது இன்னொன்று சொல்வான்: "எறங்கும்போது ஒருதரம் திரும்பிப் பாத்துட்டு எறங்குங்க. எதையாவது விட்டுட்டுத்தான் போவீங்க." குடை, கையுறை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு என்று அவன் வண்டியில் கிடைக்காதது இல்லை. ஒருமுறை ஒரு பல் செட்டே கிடந்தது. உரிமையாளர் கடைசிவரை வரவில்லை, வெட்கமாயிருந்திருக்கும்.

இந்த வாய்தான் அவனை ஒருநாள் மாட்டிவிட்டது. எங்கள் ஊர்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, "இந்தப் பாலத்துக் கல்லெல்லாம் ஆத்து முகத்துவாரத்துலேர்ந்து படகுல வந்தது, அங்க கடலோரமா பெரிய கல்குழி இருக்கு," என்று அளந்துகொண்டிருந்தான். ஒரு பெரியவர் கேட்டார்: "நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?" அண்ணன் முழித்தான். பார்த்ததில்லை. இந்த ஆற்றின் கரையில் பிறந்து, இதைப் பற்றியே பேசிச் சாப்பிட்டவன், இது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்ததில்லை. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அந்தக் கதைதான். அன்று முதல் அவனுக்கு ஒரே பேச்சு. முகத்துவாரம் போகணும், கடல்ல ஆறு கலக்கிற எடத்தைப் பாக்கணும், கல்குழியைப் பாக்கணும்.

போகத்தான் முடியவில்லை. கோடையும் இலையுதிர்காலமும் அவனுக்குச் சவாரிக் காலம். குளிரில் அந்தக் கடலோரத்துக்கு ரயிலே போகாது. மிச்சமிருப்பது வசந்தம். வசந்தத்தில் அவனுக்கு ஓய்வு, அண்ணிக்குத் தலைபோகிற வேலை. சாமந்தி, பெட்டூனியா என்று ஆயிரக்கணக்கில் நாற்றுகள் நிற்கும், இவள் ஒருநாள் போகாவிட்டாலும் வாடிவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தப் பூசாரி பூங்கா மேஸ்திரி. "வசந்தத்துல லீவா? நல்லாயிருக்கே!" என்பார். இப்படியே வசந்தம் வசந்தமாகத் தள்ளிப்போயிற்று. அண்ணன் சளைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைப்பான், அப்புறம் ஒவ்வொரு சட்டையாக அதிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டு திரிவான். பெட்டி காலியானால் கோடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன வருஷம் மேஸ்திரி மாறினார். புது மேஸ்திரி ஒரு பெண். "போயிட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றாள், அவ்வளவுதான். அண்ணன் மறுநாளே வரப்போகும் வசந்தத்துக்கு ரயிலில் இரண்டு சீட்டு போட்டான், ஜன்னலோரம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. தனக்கென்று ஒரு புதுக் கோட்டு வாங்கினான், கடல் காற்று ஊசியாகக் குத்துமாம். பெட்டியும் கட்டினான். இந்தத் தடவை அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து இரண்டே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டான். அந்த இரண்டு சட்டையில் ஒன்றோடுதான் போய்ச் சேர்ந்தான். இப்போது சொல்லுங்கள், அழாமல் தட்டு கழுவுகிறவள் மேல் கோபம் வருமா வராதா?

குளிர் மெல்ல விட்டது. கூரைகளில் இருந்து தண்ணீர் சொட்டி நின்றது, தெருவோர மரங்களில் மொட்டுத் தட்டியது, பேக்கரிக்காரர் கடைக்கு வெளியே இரண்டு மேசை போட்டார். ஊரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "அப்பாடா!" என்றது. அண்ணி எதையும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. நான் சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். "உப்பு சரியா இருக்கா?" என்றால் "ம்." ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் "ம்."

அந்த வாரத்தில் ஒருநாள் கொட்டகைக்குப் போனேன். நாற்றுகளைச் சிறு தொட்டிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மேசை மேல் கருத்த மண், அதில் சிவப்பாக ஏதோ சொட்டியிருந்தது. பார்த்தால் அவள் உள்ளங்கையைக் கத்தி கீறி ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருக்கிறது.

"அய்யய்யோ! என்ன அண்ணி இது, வலிக்கலையா?"

கையைத் திருப்பிப் பார்த்தாள், யாருடைய கையோ என்பது போல. "தெரியல," என்றாள்.

என் கோபத்தில் அன்றைக்கு ஒரு ஓட்டை விழுந்தது. கையைக் கழுவித் துணி சுற்றிவிட்டேன். சுற்றும்போதும் அவள் மறு கையால் தொட்டியில் மண் அமுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. இவள் கல்நெஞ்சக்காரி இல்லை, இவளுக்குள் ஏதோ மரத்துப்போயிருக்கிறது, அது அப்படியே நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும். ஆகவே அடுத்த சண்டை கோட்டு விஷயத்தில் வந்தது. அண்ணனின் புதுக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"இதை எனக்கு அளவா சின்னது பண்ணிக் குடு."

"எதுக்கு?"

"முகத்துவாரத்துல காத்து அதிகமாம்."

கையிலிருந்த கத்திரிக்கோலை மேசையில் வைத்தேன். "நீங்க போகப் போறீங்களா? தனியாவா?"

"சீட்டு இருக்கு."

"பக்கத்துத் தெரு சந்தைக்கே அண்ணன் கூட வந்தாத்தான் போவீங்க! ஒரு ரயில்ல ஏறியிருக்கீங்களா இதுவரைக்கும்? ஒரு நாள் பூராப் பயணம். கை அறுந்தது தெரியாதவங்க எறங்கற ஸ்டேஷன் தெரிஞ்சு எறங்கிடுவீங்களா? அவன் ஒருநாள்கூடப் போடாத கோட்டு இது. இதை வெட்டணுமா நான்? என் கையாலயா?"

"சரி," என்று கோட்டை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சண்டைக்கும் ஆள் வேண்டாமா?

அதற்குப் பிறகுதான் ஊர் பேச ஆரம்பித்தது. முதலில் பேக்கரிக்காரர் சொன்னார்: "உங்க அண்ணி காலையில பெட்டியைத் தூக்கிட்டு நம்ம முக்கு வரைக்கும் வந்தாங்க. கொஞ்ச நேரம் நின்னாங்க. திரும்பிப் போயிட்டாங்க." ஏதோ மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் மாடிவீட்டுக்காரி பேருந்து நிலையத்தில் பார்த்தாளாம், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில். எந்தப் பேருந்திலும் ஏறவில்லையாம். அப்புறம் யாரோ பக்கத்து ஊர் ரயில் நிலையத்தில் பார்த்தார்களாம், வெறும் காப்பி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினாளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு," என்றார்கள். "ஒரே ஆள், யாராவது கூட இருக்கணும்," என்று என்னைப் பார்த்தார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது? கடையைச் சாத்திவிட்டுத் தேடிக்கொண்டு போனேன். பாலத்தின் நடுவில் அகப்பட்டாள். பெட்டியைக் கீழே வைத்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கீழே ஆறு பனி உருகிய தண்ணீரோடு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு என்னென்னவோ எண்ணம் வந்துவிட்டது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பண்றீங்க இங்க?"

"நிக்கறேன்."

"ஊரே பைத்தியங்குது உங்களை! பெட்டியைத் தூக்கிட்டு எங்க போறீங்க, எங்க வர்றீங்க, எதுக்கு இதெல்லாம்? வாங்க வீட்டுக்கு. என் வீட்டுக்கு. இனிமே தனியா இருக்க வேணாம்."

அவள் என் கையை விலக்கவில்லை. யோசித்து யோசித்துப் பேசினாள், கடைசியாக எப்போது இவ்வளவு பேசினாள் என்று எனக்கு நினைவில்லை.

"கொட்டகை நாத்தை எப்படி வெளிய நடுவோம்னு பாத்திருக்கல்ல? நேரா கொண்டுபோய் நட்டா செத்துடும். கண்ணாடிக்குள்ளயே வளந்தது, காத்தும் தெரியாது வெயிலும் தெரியாது. அதனால முதல் நாள் கொஞ்ச நேரம் வாசல்ல வச்சுட்டு உள்ள எடுத்துடுவோம். அடுத்த நாள் இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் பகல் பூரா. அப்புறம் ராத்திரியும். அப்புறம்தான் நடறது."

"அதுக்கு?"

"நானும் கண்ணாடிக்குள்ளயே இருந்துட்டேன், மிளகாய். உங்க அண்ணன்தான் கண்ணாடி." அதை அவள் அழாமல், குரல் நடுங்காமல், கடைக்காரரிடம் விலை கேட்பது போலச் சொன்னாள். "முதல் நாள் முக்கு வரைக்கும் போனேன். அதுக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுது. இப்ப பக்கத்து ஊர் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கு."

எனக்குத் தெரிந்த வேலை தையல். தோட்ட வேலையில் நான் உப்புக்குச் சப்பாணி. ஆனாலும் வருஷா வருஷம் வசந்தத்தில் அந்தத் தட்டுகள் கொட்டகை வாசலில் வெளியே வருவதும் உள்ளே போவதும் பார்த்தவள்தான். ஒரு பொம்பளை அதைத் தனக்குத்தானே செய்துகொள்வாள் என்று யார் கண்டது?

"பெட்டியாவது காலியா எடுத்துட்டு வரலாமில்ல?" என்றேன். தூக்கிப் பார்த்தேன், பாறாங்கல் கனம்.

"அவர் கட்டி வச்சது. பிரிக்கல."

"அண்ணன் சட்டையெல்லாம் இருக்குமே இதுல?"

"இருக்கு. கனமும் பழகணுமில்ல."

பெட்டியின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன், மறு காதை அவள் பிடித்துக்கொண்டாள். அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். வழியில் கொட்டகை வாசலில் சாமந்தித் தட்டுகள் வெயிலில் நின்றன. அன்றைக்குத்தான் முதல் முறையாக வெளியே வந்தவை போலிருக்கிறது, எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

"அய்யோ, வாடிப்போச்சே!" என்றேன்.

"வாடல. முதல்ல தலை சாயத்தான் சாயும். அப்புறம் நிமிரும்." குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாள். "சாயாம வெறச்சு நிக்கறதுதான் எனக்கு எப்பவும் பயம்."

அன்று சாயங்காலம் கோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். கத்திரிக்கோலைத் தொடவே இல்லை. தோளையும் பக்கவாட்டையும் கையையும் உள்பக்கமாக மடித்து மடித்துத் தையல் அடித்தேன். எந்தத் தையல்காரியும் இப்படிச் செய்ய மாட்டாள், உள்ளே துணி தடித்து மூட்டையாக நிற்கும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நூலைப் பிரித்தால் கோட்டு அண்ணன் அளவுக்கே வந்துவிடும். வெட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி போட்டுப் பார்த்தாள். "கனமா இருக்கே," என்றாள்.

"பழகணுமில்ல," என்றேன். அவள் உதடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. நான் ஆசைப்பட்டதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

இனி ஒரு விஷயம். அண்ணனின் சீட்டு சும்மாதானே இருக்கிறது? நான் போகாமல் யார் போவது? யாரிடமும் சொல்லாமல் நானும் ஒரு பை கட்டினேன். புதுச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன். கடல் பார்த்ததில்லை நானும். பயணத்துக்கு முதல் நாள் அண்ணி வீட்டுக்குப் போனபோது, ஜன்னல் திட்டில் நாய்க் கல்லுக்குப் பக்கத்தில் நாற்றுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. மேஸ்திரியம்மாவிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறாள்.

"சாயங்காலம் வெயில் சாஞ்சதும் இதெல்லாம் உள்ள எடுத்து வைக்கணும், காலையில வெளிய வைக்கணும்," என்றாள்.

"யாரு?"

"நீதான்."

"நான் உங்க கூட வர்றேன்! பை கட்டிட்டேன்!"

"ஜங்ஷன் வரைக்கும் வா," என்றாள். "அங்க எறங்கி அடுத்த வண்டியில திரும்பிடு. சாயங்காலத்துக்குள்ள வந்துடலாம்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "நான் என்ன பாதி வழித் துணையா? ஜங்ஷன்ல எறக்கி விட நான் என்ன பார்சலா? எங்க அண்ணன் போட்ட சீட்டு அது, உங்களுக்கு எவ்வளவு உரிமையோ எனக்கும் அவ்வளவு உண்டு!"

"உண்டு," என்றாள். "அதனாலதான் கூப்பிடறேன், ஜங்ஷன் வரைக்கும். முழுக்க நீ வந்தா உன் நிழல்லயே நின்னுடுவேன். ஒருநாள் நிழலை எடுத்துடணும், மிளகாய்."

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தேன். என் வீட்டுக்கு வந்து, கட்டிய பையைப் பிரித்து, புதுச் சட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். ஜங்ஷன் வரைக்குமாவது போட்டுக்கொள்ளலாமே.

ரயிலில் அவள் ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தாள். "அது அவர் சீட்டு, நீ உக்காரு," என்றாள். கோட்டைக் கழற்றாமல் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்தாள், மடியில் கை, கையில் அந்தக் கத்திக் கீறலின் தழும்பு. வெளியே வசந்தம் கொட்டிக் கிடந்தது. வீட்டுத் தோட்டங்களில் ஆட்கள் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார்கள், கொடியில் போர்வைகள் காய்ந்தன, பழமரமெல்லாம் இலைக்கு முன்னாலேயே பூத்திருந்தது. தண்டவாளத்தை ஒட்டியே எங்கள் ஆறும் வந்தது. நான் வாய் ஓயாமல் காட்டிக்கொண்டே வந்தேன். "அங்க பாருங்க, இங்க பாருங்க." அவள் நான் காட்டிய பக்கமெல்லாம் திரும்பினாள். பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது.

ஜங்ஷன் வந்துவிட்டது. வண்டி கொஞ்ச நேரந்தான் நிற்கும். எழுந்தேன். சாப்பாடு எந்தப் பையில், தண்ணீர் எதில், இறங்கும் இடத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று முன்பே பலதரம் சொன்னதையே மறுபடி சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். நான் கதவுப் பக்கம் நடந்தேன். அப்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, அதே ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"எறங்கும்போது ஒருதரம் திரும்பிப் பாத்துட்டு எறங்கு. எதையாவது விட்டுட்டுத்தான் போவ."

திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளியே திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டின் முதுகு. நான் மடித்து அடித்ததில் தோள் இரண்டும் தடித்து, அகலமாக, ஒரு ஆம்பளைத் தோளைப் போலவே இருந்தது.

பின்னால் ஆட்கள் நெருக்க, இறங்கிவிட்டேன். பிளாட்பாரத்தில் ஓடி அந்த ஜன்னலுக்கு வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தலை மெல்லச் சாய்ந்தது. சாய்ந்து நெற்றி கண்ணாடியில் முட்டியது. வாய் கோணியது. அந்தத் தடித்த தோள் குலுங்க ஆரம்பித்தது. குளிர்காலத்தில் வர வேண்டியது, இப்போது வந்தது. நான் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினேன். உள்ளே ஏறிவிடலாம், கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன். அப்புறம் எடுத்த காலைக் கீழே வைத்தேன்.

"அழுங்க அண்ணி," என்றேன். "நல்லா அழுங்க." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்காது.

வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகு எனக்குத் தோன்றியது, நான் அழவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டவளைத் திட்டித் திட்டி இத்தனை நாள் அழுதவள் நான், அப்போது ஒரு சொட்டு வரவில்லை. கையும் காலும் என்னுடையவை இல்லாத மாதிரி இருந்தன. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேச்சுக் கொடுத்தார்.

"யாரை ஏத்தி விட்டீங்க?"

"எங்க அண்ணன், அண்ணி," என்றேன். "முகத்துவாரம் பாக்கப் போறாங்க. ரொம்ப நாள் ஆசை."

"நல்லபடியா போயிட்டு வரட்டும்," என்றார் அந்த அம்மா.

நான் சொன்னதைத் திருத்தவில்லை. ஊருக்குத் திரும்பும் வண்டி வர இன்னும் நேரமிருந்தது. சாயங்காலத்துக்குள் போய் நாற்றுத் தட்டுகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.